பலகைத் தரை

எலியோ சந்தோலினின் வீட்டில் யாரும் கதவைத் தட்டியது கிடையாது. தட்டி என்ன புண்ணியம்? வருகிறவர்கள் படியேறி, வராந்தாப் பலகையில் பூட்ஸ் காலால் ஓங்கி இரண்டு மிதி மிதிப்பார்கள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் செதில் சுரண்டும் எலியோ, திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்துவார். வந்தது தம்பி ரெனாத்தோ என்றால் தன் வயிற்றை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். கைமொழியில் ரெனாத்தோவுக்கு அதுதான் பெயர். மகள் ஃப்ளாவியா என்றால் முழங்காலைச் சுரண்டிக் காட்டுவார். ஐந்து வயதில் ஆறாத பொருக்கோடு திரிந்தவளுக்கு ஐம்பது தாண்டியும் அதே பெயர். அந்த மொழியில் ஒருமுறை வைத்த பெயர் வைத்ததுதான், அழுது புரண்டாலும் மாற்றித் தரமாட்டார்கள்.

"இந்தக் கிழவனுக்குக் காது கேக்காதுன்னு எவன் சொன்னான்?" என்பார் ரெனாத்தோ. "நான் நாலாவது படி ஏறும்போதே எனக்குக் காப்பி ஊத்தி வச்சிருக்கான்!"

எல்லாம் அந்தப் பலகை செய்த வேலை. ஹெர்பெர்ட் ஆறு மழைக்காலத்தில் கரை தாண்டிக் கரும்புக்காட்டுக்குள் படுத்துக்கொள்ளும் ஊர் அது. அதனால் பழைய வீடுகள் எல்லாம் ஆளுயரத் தூண்களின் மேல்தான் நிற்கும். தரை முழுக்க நீளநீளப் பலகை, அடியில் வெறும் காற்று. ஒரு முனையில் பூனை குதித்தால் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் உள்ளங்காலில் தெரியும். எலியோவும் அவர் மனைவி நோரீனும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். இருவரும் வீட்டுக்குள் செருப்புப் போட்டதே இல்லை. ஃப்ளாவியா தவழ்ந்த காலத்தில் அவள் எந்த அறையில் என்ன செய்கிறாள் என்று அவள் அம்மா காலாலேயே பார்த்துக்கொள்வாள். அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் குழந்தையும் தரையைத்தான் உதைக்கும். வாய் திறந்து அழுவது வீண் வேலை என்று பல் முளைக்கும் முன்பே கற்றுக்கொண்ட குழந்தை.

நோரீன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவளுடைய வியாதியைப் பற்றி டாக்டர் சொன்னபோது மொழிபெயர்க்க இருந்தது ஃப்ளாவியா ஒருத்திதான். "அம்மாகிட்ட இதெல்லாம் இப்போ சொல்ல வேண்டாம்மா" என்றார் டாக்டர். அந்த வார்த்தையையும் சேர்த்தே அவள் கையால் சொன்னாள். அது அப்பா போட்ட சட்டம். காது கேட்கிறவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். "என்ன, என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. எலியோவின் சொந்த அம்மாவே அப்படித்தான் செய்தாள். "நீ மட்டும் எனக்கு முழுசாச் சொல்லணும். நல்லதோ கெட்டதோ, என்னைத் திட்டினாலும் சரி" என்று மகளிடம் சின்ன வயதிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். இந்நாள் வரை அவள் அதில் ஒரு விரலளவும் குறைத்ததில்லை.

ஃப்ளாவியா சர்க்கரை மில்லில் கரும்பு ரயில் ஓட்டுகிறாள். அரவைக் காலம் தொடங்கினால் மில்லுக்கு ராத்திரி பகல் கிடையாது. ரயில்பாதை அப்பா வீட்டுக் கொல்லைப்புறமாகவே போகிறது. நீளமாகக் கரும்புத் தொட்டிகளை இழுத்துக்கொண்டு வளைவு திரும்புவாள். எஞ்சின் கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே பலகை அவருக்குச் சொல்லிவிடும். அவள் தாண்டும்போது பின்வராந்தாவில் நின்று கையை உயர்த்துவார். இவளும் உயர்த்துவாள். கல்யாணமாகி, விவாகரத்தாகி, டவுனில் தனி வீடு பிடித்துப் போன பிறகும் அப்பாவும் மகளும் தினம் பார்த்துக்கொண்டது இப்படித்தான்.

மார்ச் மாத மழையில் பாசி பிடித்த படியில் எலியோ வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, இனிமேல் படியேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பகலில் வந்து குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, மாத்திரை கொடுக்க ஆள் அனுப்புவதாக ஏஜென்ஸி ஒப்புக்கொண்டது. ஆனால் அவர் கீழே இருந்தால்தான்.

"கீழ எங்கேடி இருக்கு கீழ? தூணும் பழைய டிராக்டரும்தானே இருக்கு" என்றாள் ஃப்ளாவியா, தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி.

ரெனாத்தோவுக்குக் கேட்டுவிட்டது. "நான் எதுக்குடி இருக்கேன்?" என்றார்.

அடுத்த வாரக் கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு அடியில் மண்ணைச் சமன்செய்து, கம்பி பரப்பி, கலவை எந்திரத்தைச் சுழலவிட்டு, பொழுது சாய்வதற்குள் காங்கிரீட் போட்டார்கள். ஃப்ளாவியா பெரிய சட்டியில் பொலெந்தா என்கிற சோளக் களி கிண்டினாள். சலாமி இறைச்சியும் வீட்டிலேயே வடித்த திராட்சை ரசமும் ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் சுவர் வந்தது, குளியலறை வந்தது, வாசலில் யாராவது மணியை அழுத்தினால் உள்ளே பளிச்சென்று எரிய ஒரு விளக்குகூட வந்தது. யாரும் ஒரு பைசா வாங்கவில்லை.

"டிராக்டரை ஏத்தினாலும் அசையாது" என்று தரையைக் குதிகாலால் குத்திக் காட்டினார் ரெனாத்தோ. "என் அண்ணனுக்குப் போட்ட தரை!"

உண்மைதான், அசையவில்லை. எலியோ சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை அதில் வைத்தார். ஒரு காலை அழுத்திப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துக் கையால், "செத்த தரை" என்றார்.

"என்ன சொல்றான்?" என்றார் ரெனாத்தோ. கூடவே வளர்ந்தும் சாப்பாடு, தூக்கம், மாடு, மழை தாண்டிக் கைமொழி அவருக்கு ஏறவில்லை.

"ஜில்லுன்னு இருக்குதாம் சித்தப்பா."

அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, நின்று யோசிக்கவில்லை. அவ்வளவு பேர் வியர்வை வழிய நின்றுகொண்டிருந்த இடத்தில் யோசிக்கத் தோன்றவும் இல்லை. மறுநாளே டவுனுக்குப் போய் மெத்தென்று கம்பளம் வாங்கி அறை முழுக்கப் போட்டாள். வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி அப்பா காலில் மாட்டிவிட்டாள்.

ஜூனில் அரவை தொடங்கியது. ஏஜென்ஸியிலிருந்து வாரத்துக்கு ஒரு ஆள் வந்தது. ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே வாயை அகல அகலத் திறந்து பேசினாள். எலியோ அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தார். இன்னொருத்தி அவரிடம் பேசவே இல்லை. போனில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே அவரைக் குளிப்பாட்டினாள். ஒருவன் முகமூடியைக் கழற்றாமல் சத்தம் போட்டான். கடைசியாக வந்தவள்தான் மெரியோனி. ஃபிஜிக்காரி, வாட்டசாட்டமான உடம்பு, காதோரம் எப்போதும் ஒரு செம்பருத்தி. அவள் வந்த அன்றைக்கே எலியோ காதைத் தொட்டுக் காட்டி, பூ என்று பெயர் வைத்துவிட்டார்.

"உங்க அப்பா என்னை நல்லா வேலை வாங்கறாரு ஃப்ளாவியா" என்பாள் மெரியோனி. "இன்னைக்கு மட்டும் பத்து வார்த்தை. தப்பாக் காட்டினா சாப்பிட மாட்டேங்கறாரு. எங்க ஊரு வாத்தியாருகூட இவ்வளவு கறார் கிடையாது."

"கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லிக் குடுத்தாரா?"

"அதுதான் முதல்ல!"

அவள் ஊர் வழக்கப்படி அவரை மாமா என்றே சொல்வாள். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொண்டுவருவாள். மாமா முகம் சுளித்துக்கொண்டே தட்டை வழித்துவிடுவார்.

ஆனாலும் மனுஷன் இளைத்துக்கொண்டே போனார். கட்டிலை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டார். நாற்காலியைக் கதவுக்கு நேராகத் திருப்பி, முதுகைச் சுவரில் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போது ஒரு வாய்க்கு இரண்டு தடவை நிமிர்ந்து கதவைப் பார்ப்பார். சரியான தூக்கமும் இல்லை. ஃப்ளாவியா ரயிலோடு கொல்லைப்புறம் தாண்டும்போது கீழ் ஜன்னலில் யாரும் கை உயர்த்துவதில்லை. அவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், முதுகுப்பக்கம் ரயில் போய்க்கொண்டிருக்கும். டாக்டரிடம் கேட்டாள். "வயசாச்சு இல்லையா" என்றார். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் கைவசம் வைத்திருந்தார்.

ஆகஸ்டில் ஒருநாள், நல்ல வெயில் நேரம். எலியோ தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மெரியோனி வெளியே நின்று மணியை அழுத்தினாள். விளக்கு எரிந்துதான் இருக்கும், ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அது எங்கே தெரியப்போகிறது? உள்ளே வந்தாள். கம்பளம், அதன் மேல் அவளுடைய மெத்தைச் செருப்பு, அடியில் ரெனாத்தோவின் அசையாத காங்கிரீட். அவருடைய நடைச்சட்டம் கைக்கெட்டாத தூரத்தில் நகர்ந்து கிடப்பதைப் பார்த்தவள், ஐயோ விழுந்துவிடுவாரே என்று பதறி, பின்னாலிருந்து தோளைப் பிடித்தாள்.

எலியோவின் முழங்கை சுழன்று அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, முன்பல் பாதி உடைந்தது.

யார் என்று திரும்பிப் பார்த்ததும் அவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று நெஞ்சில் கையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு மெரியோனிதான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்ஸியிலிருந்து டெனீஸ் வந்தாள். ஆள் அனுப்புவதும் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. கெட்டவள் இல்லை, பாவம், களைத்துப்போனவள். கூடவே உதடு வீங்கிய மெரியோனியும் வந்திருந்தாள். ரெனாத்தோ தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு மூலையில் நின்றார்.

"ஃப்ளாவியா, இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் டெனீஸ். "எங்க ஆளுங்க மேல கை நீட்டறவங்க வீட்டுக்குத் தனியா ஒருத்தரை அனுப்ப முடியாது. ரெண்டு பேரா அனுப்ப எங்ககிட்ட ஆள் இல்ல. அவருக்கு... மறதி நோயோட ஆரம்பமாக்கூட இருக்கலாம். சில பேருக்கு முதல்ல கோபமாத்தான் வரும்."

எலியோ மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "என்ன சொல்றா? முழுசாச் சொல்லு."

ஃப்ளாவியா முழுசாகச் சொன்னாள். கை நீட்டுறவர், மறதி நோய், எல்லாவற்றையும். சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்தது. கையால் பேசுவதில் ஒரு வசதி, தொண்டை அடைத்தாலும் பேச்சு நிற்காது.

அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். பிறகு பேசினார். ஃப்ளாவியா அதற்குக் குரல் கொடுத்தாள்.

"மேல் வீட்டுல அம்பது வருஷத்துக்கும் அதிகமா இருந்தேன். ஒருத்தன்கூட எனக்குத் தெரியாம என் பின்னால வந்தது கிடையாது. என் பெண்டாட்டி ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சா எனக்குத் தெரியும். தம்பி குடிச்சிட்டு வந்தா நடையிலயே தெரியும். என் பொண்ணு ரயில் வளைவுல திரும்பறப்பவே தெரியும். நான் செவிடன்னு ஊரு சொல்லிச்சு, எனக்கு அப்படித் தோணினதே இல்ல. இங்க வந்த பிறகுதான் செவிடன் ஆனேன். இங்க ஆளுங்க வானத்திலேர்ந்து குதிக்கறாங்க. தோள்ல கை விழுந்த பிறகுதான் ஆள் வந்திருக்கறதே தெரியுது. நாள் பூரா பயந்துக்கிட்டே இருக்கேன். அன்னைக்கு என் கை யாருன்னு கேட்டுட்டு ஓங்கல. பூ, உன்னை நான் அடிக்கல. பயத்தை அடிச்சேன். வந்த அன்னைக்கே சொன்னேனே, செத்த தரைன்னு."

கடைசி வாக்கியத்துக்கு ஃப்ளாவியாவால் குரல் கொடுக்க முடியவில்லை. ஜில்லுன்னு இருக்குதாம் என்று தான் சொன்னது அப்போதுதான் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. தரையை உதைத்து அம்மாவைக் கூப்பிட்டு வளர்ந்தவள். ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்குக் கம்பளம் வேறு!

"மேலேயே கொண்டுபோயிடலாம்" என்றாள். "டெனீஸ், மேலன்னா இந்தப் பிரச்சினையே இல்ல."

"மேலன்னா என்னால ஆள் அனுப்ப முடியாதே."

"நான் ஏறுவேன்" என்றாள் மெரியோனி, வீங்கிய உதட்டோடு. "எனக்கென்ன, காலா இல்ல?"

"நீ ஏறுவே. அவரு இறங்கணுமே. தீப்பிடிச்சா? ஆத்துத் தண்ணி ஏறி வந்தா? நீ ஒருத்தியா அவரைத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில இறங்குவியா? ரெண்டு பேரும் விழுந்து செத்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?" டெனீஸின் குரலும் உடைந்துதான் இருந்தது. "படியோரமா வைக்கிற தூக்கு நாற்காலிக்கு எழுதிப் போட்டிருக்கேன் ஃப்ளாவியா. அடுத்த வருஷம் வந்தா அதிர்ஷ்டம். அதுவரைக்கும் முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியாகுது. டவுன்ஸ்வில் நகரத்துல. யோசிச்சுச் சொல்லுங்க."

அதையும் அவள் கையால் சொன்னாள். எலியோ தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெனாத்தோவும் அவளுமாக அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோனார்கள். பாதிப் படியில் ரெனாத்தோவுக்கு மூச்சு வாங்கியது. "பாரமா இருக்கியேடா, எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு" என்று திட்டினார். எலியோ அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார், பாரம் யாருடையது என்று. மேலே போனதும் ரப்பர் செருப்பை உதறி எறிந்தார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வெறுங்காலோடு அறை அறையாக நடந்தார். கட்டிலில் நோரீன் படுத்த பக்கத்தில் ஒரு பலகை கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதன் மேல் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலால் அழுத்திப் பார்த்தார்.

ரெனாத்தோ வராந்தாவுக்குப் போய் இரண்டு மிதி மிதித்தார். முதுகைக் காட்டி நின்ற எலியோ கையை உயர்த்தி, வயிற்றைத் தட்டினார்.

ரெனாத்தோ வராந்தாவிலேயே உட்கார்ந்து தேம்பி அழுதார். "நான் போட்ட காங்கிரீட்டுடி. நான்தான் கலந்தேன், நான்தான் இழைச்சேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே தோணலையே சித்தப்பா."

அடுப்பில் காப்பி பொங்கியது. குடித்து முடித்ததும் ஃப்ளாவியா அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வேலையை விட்டுடறேன். இங்கயே வந்துடறேன்."

"அறிவிருக்கா உனக்கு?" என்று கையை வீசினார். "நீ என் பக்கத்துல உக்காந்திருந்தா எந்த ரயில் வரும்னு நான் காத்திருக்கறது?"

"விளையாடாதீங்கப்பா."

"விளையாடல. நீயும் மனுஷி. என்னைத் தூக்கி இறக்கி உன் இடுப்பு ஒடிஞ்சா அதை யார் பாக்கறது? போறேன். அந்த இல்லத்துக்கே போறேன். அங்க கைமொழி தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இல்ல. வாரத்துல ஒருநாள் ஒருத்தர் வருவாராம்."

"சரி." பதில் அவருக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி இருந்தது. குனிந்து, உள்ளங்கையால் பலகையைத் தடவினார். நிமிர்ந்து கேட்டார். "தரை? அங்க தரை என்ன தரை?"

அவள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நீளநீளமான வராந்தா, வழவழவென்று ரப்பர் விரிப்பு, அடியில் காங்கிரீட். அப்பாவின் முகத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும் உயிரோடு இருந்தது. ஐயோ, வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

"பலகை" என்றாள் கையால். "பழைய கட்டடம்ப்பா. பலகைத் தரைதான்."

அவர் அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். காது கேளாதவர்கள் பாதிப் பேச்சை முகத்தில்தான் படிப்பார்கள். தேவைக்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "நல்லது" என்றார்.

செப்டம்பரில் கொண்டுபோய்விட்டார்கள். புறப்படும்போது மெரியோனி வந்து தன் காதிலிருந்த பூவை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள். கற்றுக்கொண்ட முதல் கெட்ட வார்த்தையைக் கையால் காட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெனாத்தோ ஓட்டினார், இரண்டு பக்கமும் வெட்டிய கரும்புக்காடு.

இல்லத்தில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அறை சுத்தமாக இருந்தது, பெரிய ஜன்னல், வெளியே ஒரு மாமரம். கட்டிலில் உட்கார்ந்ததும் எலியோ குனிந்து செருப்பைக் கழற்றினார். காலுறையையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினார். ஃப்ளாவியா பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து அடுக்குவது போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். பார்க்கத் தைரியம் இல்லை. நல்லவேளையாக நர்ஸ் மாத்திரை விவரம் கேட்க வெளியே கூப்பிட்டாள். தப்பித்தோம் என்று போனாள்.

வராந்தாவில் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வெறும் உள்ளங்கால் தரையில் ஓங்கி அறைகிற சத்தம். ஒரே ஒரு மிதி. பிறந்ததிலிருந்து அவளைக் கூப்பிடுகிற மிதி.

அவளுக்குக் காதில் கேட்டது. மிதித்தவருக்குத்தான் காலில் ஒன்றும் திரும்பி வரவில்லை. நர்ஸைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் அவர் முடிவு செய்துவிட்டிருந்தார், கூப்பிட்டது யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று. கட்டிலில் மறுபக்கம் திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கீழே குடிவந்த நாளிலிருந்து கதவுக்கு முதுகைக் காட்டி உட்காராத மனுஷன்!

ஃப்ளாவியா வாசலில் நின்றாள். போய்த் தோளைத் தொட முடியாது. கூப்பிடக் குரல் உதவாது. கால் அதுபாட்டுக்கு உயர்ந்தது, பூட்ஸோடு, இரண்டு தடவை, இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து மிதித்தாள்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். ரெனாத்தோ எங்கிருந்தோ ஓடிவந்தார். பக்கத்து அறையில் ஒரு கிழவி, "என்ன விழுந்துச்சு, என்ன விழுந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.